மாமியாருக்குக் கட்டிய பிரஷர் பட்டை

போன வாரம் மேலகரத்தில் ஒரு வீட்டில் வைத்து எனக்கு நன்றாக வயிறு எரிந்தது. அல்சர் இல்லை... பொறாமை! உங்களிடம் மறைப்பானேன்?

ஒரு மருத்துவ ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறேன். நான் சமூகவியலில் எம்.ஏ. இதே வேலை பார்க்கிற பரிமளா? சீசனில் குற்றாலத்தில் பழக்கடை போடுகிறவள். சீசன் முடிந்ததால் இங்கே வந்து சேர்ந்தாள்.

கேள்வித்தாள் வெளிநாட்டில் தயாரானது. தமிழாக்கியது அடியேன். 'கடந்த இரு வாரங்களில் எத்தனை நாட்கள் மனச்சோர்வை உணர்ந்தீர்கள்?' என்ன கம்பீரம்! ஆனால் நான் போன வீடுகளில் எல்லாம் ஒரே பதில் — பூஜ்யம்.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மா என் ஃபாரங்களைப் புரட்டினார். "மேடம், நீங்க போற தெருவுல மட்டும் யாருக்குமே கவலை இல்லையா?"

பரிமளாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகச் சொன்னார். எனக்கு அவள் துணையாம்!

முதலில் சபுரா வீடு. (பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) கணவர் துபாயில். முந்தின தடவை பக்கத்தில் இருந்த மாமியாரே, "அவளுக்கு என்ன கொறச்சல்? நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிவிட்டார். சபுராவும் சிரித்தபடி தலையாட்டினாள். நானும் பூஜ்யம் போட்டேன்.

பரிமளா பேப்பரையே எடுக்கவில்லை. நேராக மாமியார் கையில் பிரஷர் பட்டையைக் கட்டினாள்.

"பெரியம்மா, மூணு தடவ பாக்கணும். பேசப்படாது, பேசுனா பிரஷர் ஏத்திக் காட்டும்."

மெஷினை என்னிடம் தள்ளிவிட்டு, "குடிக்கத் தண்ணி தாம்மா" என்று சபுரா பின்னாலேயே அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்... எம்.ஏ... பட்டனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தெருவுக்கு வந்ததும் பரிமளா சொன்னாள்: "ராத்திரி ஒறக்கம் வருதான்னுதான் கேட்டேன்க்கா. பொலபொலன்னு அழுதுட்டா. மூணு மாசமா ஒறக்கமே இல்லயாம். கெணத்துப் பக்கம் தனியா போகவே பயமா இருக்குன்னு சொல்லுதா. மாமிக்குத் தெரிஞ்சா துபாய்க்கு போன் போட்டுருவாங்களாம். அங்கன அவரு பதறிப்போவாராம்..."

எனக்குத் திக்கென்றது. அந்தப் பெண்ணுக்கா பூஜ்யம் போட்டேன்? அடுத்த நொடியே மனசு கேட்டது — 'என்னிடம் ஏன் சொல்லவில்லை?' சே, என்ன ஜென்மம் நான்!

எங்கோ இருந்து கேள்வி எழுதுகிறவர்களுக்கு, யாரைக் கேட்கிறோமோ அவரே பதில் சொல்வார் என்று நினைப்பு. நம் வீடுகளில் மருமகளைக் கேட்டால் மாமியார் சொல்வார். மருமகளோ துபாய் வரைக்கும் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சமூகவியல் படித்த எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். பழக்கடைக்காரிக்குத்தான் உறைத்தது.

விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா சபுராவை உடனே வரச் சொன்னார். மாமியாரிடம் ஆய்வுக்கு ஒரு டெஸ்ட் என்று சொல்லி, தென்காசிக்கு நானே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனேன், பரிமளாவிடம் சொல்லாமல். உள்ளே வெகுநேரம் பேசிவிட்டு வந்தாள் சபுரா. முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, கடைசியில் என்னிடமும் ஏதோ சொல்லப்போகிறாள்...

"பரிமளாக்கா வரலையா?" என்றாள்.