கொட்டாஞ்சேனைவாசிகளுக்கு ஓர் அறிவித்தல்

போன செவ்வாய்க்கிழமை கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்மணி என்னை நடுத்தெருவில் மறித்து வைத்துத் திட்டினார்.

பேப்பரில் எழுதுகிறவனுக்குத் திட்டு புதிதல்ல. ஆனால், எழுதியதற்குத்தான் வழக்கமாகத் திட்டுவார்கள். இவரோ எழுதாததற்குத் திட்டினார்!

பெயர் ரெஜினா. ரெஜினா அக்கா என்றால் அந்தக் குறுகிய ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரியும். மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைக்கிறவர். புருஷன் துறைமுகத்தில் மாடாய் உழைத்து ஒரு சின்ன வீட்டைக் கட்டினார், கட்டி முடித்த கையோடு கண்ணை மூடினார். அந்த வீட்டின் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டுதான் அக்கா இத்தனை காலமும் சீவித்தார்.

"துறைமுகத்துச் சாமான் அடுக்கக் கோடவுன் கட்ட எங்கட ஒழுங்கையை எடுக்கிறாங்களாம் தம்பி. நேற்று ஒரு ஓவசியர் வந்து என்ரை சுவரில சுண்ணாம்பால கோடு கீறிட்டுப் போனான். எங்களுக்கு ஆர் அறிவிச்சது எண்டு கேட்டன். பேப்பரில போட்டாச்சாம், ஆட்சேபம் சொல்லுற தவணையும் முடிஞ்சு போச்சாம்! எந்தப் பேப்பரில? உங்கட பேப்பரை நான் ஒரு வரி விடாம வாசிக்கிறனான். நீங்கள் ஏன் போடேல்ல?"

அக்கா விடவில்லை.

"போட்டிருந்தா ஒரு பெட்டிசம் எழுதியிருப்பமே! எங்கட வீடுகளுக்குப் பின்னால எவ்வளவு பெரிய வெறும் வளவு கிடக்கு. புல்லும் பாம்பும்தான். அதை எடுங்கோவன், குடியிருக்கிற வீட்டை ஏன் இடிக்கிறீங்கள் எண்டு கேட்டிருப்பமே!"

நியாயமான கேள்வி. ஏன் போடவில்லை?

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்க விளம்பரங்கள் எல்லாம் கோட்டைப் பகுதியில் உள்ள ஓர் அரசாங்கக் கந்தோர் வழியாகத்தான் பத்திரிகைகளுக்கு வரும். எந்தத் திணைக்களம் எதை அறிவிப்பதென்றாலும் அங்கேதான் அனுப்பும். இது உனக்கு, அது அவனுக்கு என்று அந்தக் கந்தோர் பங்கிடும். ரேஷன் அரிசியில் கல் கிடக்கிறது என்று எங்கள் ஆசிரியர் ஒரு தலையங்கம் எழுதினார். கல் நிற்கவில்லை. விளம்பரம் நின்றுவிட்டது.

இதை அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப உங்களோட கோவமெண்டா, எங்களுக்குச் சொல்ல மாட்டாங்களோ?"

அடுத்த நாள் காலை கோட்டைக்குப் போனேன்.

கந்தோரில் என்னைச் சந்தித்த உத்தியோகத்தர் நம்மவர்தான். வடக்கிலே பிறந்தவர், கொழும்பிலே படித்தவர், கோட்டும் டையுமாக இருந்தார். மரியாதையாகக் கதிரை தந்தார்.

"ஐசே, சும்மா பழி போடாதையும். இங்கிலீஷ், சிங்களம், தமிழ் மூண்டிலயும் பப்ளிஷ் பண்ணியாச்சு. பப்ளிஷ் பண்ணினா எல்லாரும் வாசிச்ச மாதிரித்தான், அதுதான் சட்டம். ஆட்சேபம் வந்தா காணி எடுக்கிற திணைக்களத்துக்காரங்கள் கவனிக்கத்தான் செய்யிறாங்கள். ஒண்டு வந்ததே! பின்வளவுக்காரர் இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்திட்டு உடன எழுதினார். அவற்ரை வளவை விட்டிட்டாங்கள்."

கேட்டீர்களா? கறுவாத்தோட்டத்துப் பங்களாவில் இருந்துகொண்டு காலைத் தேநீரோடு இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கிறவருடைய புல் தப்பிவிட்டது. அந்தப் புல்லுக்குப் பதிலாக ஓர் ஒழுங்கை போகிறது.

"தமிழில் எந்தப் பேப்பரில் வந்தது?" என்று கேட்டேன்.

எடுத்துத் தந்தார். பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. அச்சிட்ட இடம் – பாமன்கடை! நான் வெள்ளவத்தைக்காரன். பாமன்கடைக்குக் கையை வீசிக்கொண்டு நடந்தே போவேன். அங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகை இருப்பது எனக்குத் தெரியாது. பிறகு விசாரித்தேன்... கல்யாணக் கார்டு அடிக்கிற அச்சகம் அது. அரசாங்க விளம்பரம் கிடைக்கிற வாரங்களில் மட்டும் பத்திரிகையாக மாறும். கந்தோருக்கு அனுப்புவதற்கும், முதலாளியின் மேசையில் கிடப்பதற்கும் போதுமான பிரதிகள் அடிப்பார்களாம். அரசாங்கத்தைப் பற்றி அதில் ஒரு குறையும் வராது. விளம்பரத்தைத் தவிர வேறு எதுவும் வராதே!

போகட்டும். விளம்பரத்தை வாசித்தேன்.

தலைப்பு, 'கொட்டாஞ்சேனைவாசிகளுக்கு ஓர் அறிவித்தல்'. சரி. கீழே ஆட்சேபத் தவணைத் தேதி. அதுவும் சரி. நடுவில்? 'கழுத்துப்பட்டியும் லைசென்ஸும் இல்லாமல் திரியும் நாய்கள் பிடிக்கப்படும்' என்று நீட்டி முழக்கியிருந்தது. ஒழுங்கையும் இல்லை, கோடவுனும் இல்லை. முழுக்க முழுக்க நாய்!

எனக்கு உடனே விளங்கியது. அரசாங்க விளம்பரம் அச்சானதும் ஈய எழுத்துக்களைப் பிரிக்காமல் நூலால் கட்டி ஒதுக்கி வைப்பது அச்சகங்களின் வழக்கம். அடுத்த வருஷமும் அதே அறிவித்தல்தானே வரும்? தலைப்பையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. பாமன்கடைக்காரர் புதிதாக வந்ததையும் அப்படியே பழைய நாயின் தலையில் கட்டிவிட்டார்.

இதை யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். விளம்பரங்களைச் சரிபார்க்கிற சிங்களக் கிளாக்கரைக் கூப்பிட்டார் உத்தியோகத்தர். பாவம், நல்ல மனுஷன். அடிமட்டத்தை எடுத்து, என் முன்னாலேயே மறுபடியும் நீளத்தை அளந்தார்.

"சைஸ் ஹரி, மாத்தயா" என்றார். அளவு சரி, ஐயா என்று அர்த்தம்.

அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த உத்தியோகத்தருக்கோ தமிழ் வாசிக்க நேரமில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். தமிழில் அறிவித்தலே வரவில்லை! அப்படியானால் தவணை செல்லாது. ரெஜினா அக்கா பெட்டிசம் எழுதலாம். வீடு தப்பும். மேசையில் தட்டிக்கூடப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

உத்தியோகத்தரின் முகம் கறுத்துவிட்டது. விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். நெற்றியைத் துடைத்தார்.

"பெரிய பிழைதான், ஐசே. இதை இப்பிடி விடேலாது. சரியான அறிவித்தலைத் திரும்பப் போடவேணும். உம்முடைய பேப்பரிலேயே போடும். உங்களைத் திரும்ப லிஸ்டில சேர்க்கச் சொல்லுறன்."

"தேதி? புதுத் தவணை?"

"அதை நாங்கள் மாத்தேலாது. தேதி அந்தத் திணைக்களத்தின்ரை. அவங்கள் தந்த மாதிரியே ஒரு எழுத்துப் பிசகாமப் போடவேணும். எங்கட வேலை விளம்பரத்தைப் பங்கிடுறது மட்டும்தான்."

முடிந்துபோன தேதிக்கு முன் ஆட்சேபம் அனுப்பச் சொல்லி இனிமேல் விளம்பரம் வரும்! அந்தத் திணைக்களத்துக்கும் ஓடினேன். கந்தோரிலிருந்து சரியாகப் பிரசுரமானதற்கு அத்தாட்சி வந்துவிட்டது, வேண்டுமானால் அங்கே போய்ப் பேசுங்கள் என்றார்கள். நான் அங்கிருந்துதானே வருகிறேன்?

எங்கள் ஆசிரியரிடம் இந்த விளம்பரத்தைப் போட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போடாமல் விட்டால் அந்த மனுசிக்கு வீடு திரும்ப வருமோ? வராது. போட்டால் எங்கட அச்சுக் கோப்பாளர்களின்ரை வீட்டில அடுப்பெரியும். சொல்லும், நான் என்ன செய்ய?" என்றார். உங்களுக்குத் தெரிந்தால் நீங்கள் சொல்லுங்கள். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குப் பிடிபடவில்லை. பாமன்கடைக்காரர் மேலா? அளந்து பார்த்த கிளாக்கர் மேலா? சட்டத்தின் மேலா?

வெள்ளிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தையல் மெஷினை இரண்டு பேர் கை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம்; அக்கா வத்தளையில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறாராம். அங்கே முன்னறை இல்லை, மெஷினைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் போட வேண்டுமாம்.

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். நாயை, அடிமட்டத்தை, தேதியை, எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப சரியாப் போடுவீங்களோ?" என்றார்.

"ஓம் அக்கா. இந்த ஞாயிற்றுக்கிழமை."

"ஒழுங்கையின்ரை பேரெல்லாம் சரியா வருமோ?"

"வரும்."

"அப்ப ஒரு பேப்பர் எடுத்து வையுங்கோ தம்பி. இப்பிடி ஒரு ஒழுங்கை இருந்தது எண்டதுக்கு அதுவாவது கிடக்கட்டும்."

திரும்பி வரும் வழியெல்லாம், பேனா பிடித்து என்ன கிழித்தேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். இந்தப் பத்தியை எழுதக்கூட மனமில்லை. ஆசிரியர்தான் வற்புறுத்தினார். விளம்பரம் போக மீதி இடத்தை நிரப்ப வேண்டுமாம்.

அறிவித்தல் இதே பக்கத்தில் கீழே இருக்கிறது. நீங்கள் வாசிக்காவிட்டாலும் பாதகமில்லை – சட்டப்படி வாசித்தாகிவிட்டது!