கிடங்கு கொள்ளாத நெல்

1. திட்டு மழை

எங்கள் கேமின் பீட்டா என்ற சோதனைப் பதிப்பு வெளியான வாரத்தில் அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை. மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோ அது. நான் டெஸ்டிங் லீட். காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றைப் பெரிய நகரமாக வளர்க்கும் சரித்திர ஸ்ட்ராட்டஜி கேம். படையெடுப்பு பிரமாதம், ஆனால் ஊர் வளரவே மாட்டேன் என்கிறது என்று விளையாடியவர்கள் கழுவி ஊற்றினார்கள்.

அவர்கள் சொன்னது நியாயம். கிடங்கு நிரம்பிவிட்டால் அடுத்த அறுவடை முழுக்க வீண். கிடங்கைப் பெரிதாக்கக் கல் வேண்டும், கல் உடைக்க ஆள் வேண்டும். ஆட்களுக்குக் கூலி நெல். அந்தக் கூலியோ கிடங்கில் பிடிக்கும் நெல்லைவிட அதிகம். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில் முதலாளி யாராவது விளையாடியிருந்தால் எங்களை அடிக்கவே வந்திருப்பார்.

இது எங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. நாங்கள் மட்டும் சோதிக்க வைத்திருந்த டெஸ்டிங் பில்டில் எஃப்-8 கீயைத் தட்டினால் போதும், வேண்டிய நெல் வந்துவிடும். படையெடுப்பைச் சோதிக்க வேண்டியவன் நெல் விளையும்வரை உட்கார்ந்திருப்பானா? ஆபீஸே எஃப்-8 தட்டித்தான் விளையாடியது.

2. ஸ்டெல்லா கேட்ட ஒரு வாரம்

நெல், கல், பொன் எல்லாவற்றின் வரவு செலவையும் அமைத்தவர் எங்கள் எகானமி டிசைனர் ஸ்டெல்லா. பாலக்கரைக்காரர். வேறு யாராக இருந்தாலும் பழியை என் தலையில் கட்டியிருப்பார்கள். அவர் அந்தக் கீயை எடுத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஆட்டக்காரர் மாதிரியே விளையாடினார். சாயங்காலம் எழுந்து வந்து, "எனக்கே எரிச்சலா வருது வரதன் சார்" என்றார்.

அதற்குள் சென்னையிலிருந்து முதலீட்டாளர் பிரகாஷ் வந்து இறங்கிவிட்டார். புகாரெல்லாம் அவருக்குத் தேனாக இனித்தது. கிடங்கைப் பெரிதாக்க ஒரு பட்டன் வையுங்கள், அதைத் தட்டுபவர் ரூபாய் கட்டட்டும், இல்லாவிட்டால் அடுத்த தவணை கிடையாது என்று சொல்லிவிட்டார். தவணை வராவிட்டால் ஸ்டூடியோவுக்கு மூடுவிழாதான்.

ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை.

"நாமளே பூட்டு போட்டுட்டு நாமளே சாவி விக்கறதா சார்? ஒரு வாரம் குடுங்க. அப்புறம் நீங்களே விளையாடிப் பாருங்க. எந்த இடத்துல காசு குடுத்தாவது தாண்டணும்னு தோணுதோ, அங்க பட்டனை வெச்சுடறேன்."

பிரகாஷ் ஒரு வாரம் கொடுத்தார்.

3. பிரகாஷ் விளையாடினார்

கிடங்கின் அளவை உயர்த்தியிருந்தால் புகார் அன்றே அடங்கியிருக்கும். ஆனால் இத்தகைய கேம்களுக்கு இன்னொரு நோய் உண்டு. பாதி ஆட்டத்துக்கு மேல் எல்லாம் குப்பையாகக் குவிந்து, செய்ய ஒன்றுமே இருக்காது. அதனால் ஸ்டெல்லா அளவைத் தொடவில்லை. கிடங்கு கொள்ளாத நெல் அப்படியே கூலியாகப் போகும்படி மாற்றினார். நல்ல விளைச்சல் என்றால் ஆட்கள் ஊரைத் தேடி வருவார்கள். அவர்களைக் கல் உடைக்க விடுவதா, வாய்க்கால் வெட்ட விடுவதா என்பது ஆட்டக்காரர் பாடு. அந்தக் காலத்தில் கூலியை நெல்லாகத்தானே அளந்தார்கள்.

எத்தனையோ கேம்களைச் சோதித்திருக்கிறேன். இவ்வளவு சின்ன மாற்றத்தில் ஒரு ஆட்டம் பிழைத்து எழுந்து நான் பார்த்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

வாரம் முடிந்ததும் பிரகாஷ் காலையிலேயே விளையாட உட்கார்ந்தார். மழை பொய்த்து ஒருமுறை அவர் ஊரே காலியானது. திட்டிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார். வாங்கி வைத்த சாப்பாடு ஆறிப்போனது. பொழுது சாயும்போது ஸ்டெல்லா அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பட்டனை எங்க சார் வைக்கட்டும்?"

பிரகாஷ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருங்கம்மா, இந்த வாய்க்காலை முடிச்சுடறேன்."

தவணை வந்தது. பட்டன் வரவே இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஸ்டெல்லாவிடம் நான் கற்றதைத்தான் சொல்வேன். ஆட்டக்காரரைக் காக்க வைக்கலாம், தோற்கடிக்கலாம், அழவும் வைக்கலாம். கையைக் கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்த்துவிடக் காசு கேட்கக் கூடாது.