உறைக்கு ஒரு துளி காந்தம்

அருள்செல்விக்கு இரும்புத்தூள் ஆகாது. சோற்றில் கல் கிடந்தால்கூட ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டுவிடுவாள். மோட்டாருக்குள் ஒரு பிசிறு இரும்புத்தூள் தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடே இறங்காது.

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில், அவளும் ஷைலாவும் சேர்ந்து, கருகிய மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார்கள். ரீவைண்டிங் கடை என்றாலே கிரீஸும் கருகிய வார்னிஷ் வாடையும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். இவர்கள் கடையில் சிமெண்டுத் தரையில் இலை போட்டுச் சாப்பிடலாம். இருவரும் ஒரு பம்பு கம்பெனியின் வைண்டிங் பிரிவில் பல வருடம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, இரும்புச் சட்டத்தின் காடிகளுக்குள் செம்புக் கம்பியை இழை இழையாக இறக்கியவர்கள். படித்தது பத்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் விரல் படித்தது.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மோட்டாரின் இரும்பில், வேலையின்போது அடிபட்டு, உரசி, எப்படியோ கொஞ்சம் காந்தம் ஏறிக்கொள்ளும். காந்தம் இருந்தால் தூள் ஒட்டும். தூள் ஒட்டினால் ஓடும்போது உள்ளே கீறும். அதனால் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு சட்டத்தையும் பெரிய கம்பி வளையம் ஒன்றுக்குள் விட்டு, வளையத்துக்கு லைன் கரண்டு கொடுத்து, மெதுவாக வெளியே இழுப்பார்கள். லைன் கரண்டு ஒரே திசையில் நிற்பதில்லை. முன்னும் பின்னுமாக விடாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். அதற்கு ஏற்ப இரும்பின் வடக்கும் தெற்கும் இடம் மாறி மாறி அலைக்கழிந்து, வளையத்தை விட்டு விலக விலக ஓய்ந்து, கடைசியில் இரும்பு வெறும் இரும்பாகிவிடும். ஒட்டியிருந்த தூளெல்லாம் பொலபொலவென்று உதிரும். அந்தக் காட்சி அருள்செல்விக்கு அவ்வளவு பிடிக்கும். கடை போட்டபோது அவள் முதலில் கட்டியது கல்லாப்பெட்டி இல்லை, அந்த வளையத்தைத்தான்.

"சர்ச்சுக்குப் போயி பாவத்தக் கழுவறாளோ இல்லியோ, மோட்டாருக்குக் கழுவிருவா" என்பாள் ஷைலா.

அவர்கள் கட்டின மோட்டார் திரும்பி வருவதில்லை என்ற பேர் துடியலூரைத் தாண்டியும் பரவியிருந்தது. பல்லடத்துப் பொங்கியண்ணன் அப்படித்தான் வந்தார். அவருடைய கோழிப்பண்ணையில் போர்வெல் மோட்டாரை இவர்கள்தான் கட்டிக் கொடுத்தார்கள். சித்திரை மாதம் ஒரு நாள், மோட்டார் அல்லாத வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அம்மணி, இது ஜெனரேட்டரோட பொறத்தாண்ட இருந்ததுங்க. கருகிப்போச்சு. என்ற அக்கா பையன் சுரேந்தர் அவுத்துக் குடுத்தான். கட்டிருவீங்களா?"

பெரிய ஜெனரேட்டரின் பின்னால் அதே தண்டில் சுழலும் குட்டி ஜெனரேட்டர் ஒன்று உண்டு. பெரியதற்கு வேண்டிய காந்தத்தை உண்டாக்க அதுதான் கரண்டு கொடுக்கும். அந்தக் குட்டியின் வெளிச்சட்டம்தான் வந்திருந்தது. உள்பக்கம் நான்கு புறமும் துருத்திய இரும்புத் திண்டுகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் காயில். ஜெனரேட்டர் வேலை அவர்களுக்கு அதுதான் முதல் முறை.

"காயில் காயில்தானுங்கண்ணா. கட்டிரலாம்" என்றாள் அருள்செல்வி.

கட்டினாள். பழைய காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, அதே கம்பியில் அதே திசையில் சுற்றினாள். வார்னிஷில் முக்கி அடுப்பில் வேகவைத்தாள். கடைசியில் பார்த்தால், திண்டுகளின் முனையில் மெல்லிய மீசை மாதிரி இரும்புத்தூள். துணியால் துடைத்தாள். போகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு வளையத்துக்குள் விட்டு இழுத்தாள். மீசை உதிர்ந்தது. திருப்தியாக அனுப்பிவைத்தாள்.

தாங்கள் கட்டின பொருள் முதன்முதலாகச் சுமை இழுக்கும்போது பக்கத்தில் நிற்பது இருவருக்கும் பழக்கம். ஜெனரேட்டருக்குச் சுமை வருவது கரண்டு போகும்போதுதானே. பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்தடை என்று அறிவித்திருந்த நாளில் இருவரும் ஸ்கூட்டரில் பல்லடம் போய்ச் சேர்ந்தார்கள். பொங்கியண்ணனின் மனைவி ராசாத்தாள் இட்லியைத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ரெண்டு போட்டுக்கங்க கண்ணு. கோழிக்குத் தீனி போடற ஊட்ல மனுசருக்குக் கொறை வெக்கலாமா?"

பண்ணைக் கொட்டகை நாலாபுறமும் அடைத்துக் கட்டியது. ஒரு கோடியில் தண்ணீர் வழியும் தட்டிகள், மறு கோடியில் ஆள் உயர விசிறிகள். விசிறி இழுக்கும்வரை உள்ளே மலைக்காற்று. நின்றால் அது அடுப்பு. விற்பனைக்குத் தயாரான கறிக்கோழிகள் கொட்டகை முழுக்க வெள்ளை வெளேரென்று நிறைந்திருந்தன.

கரண்டு போனது. சுரேந்தர் ஓடிப்போய் டீசல் எஞ்சினைக் கிளப்பினான். எஞ்சின் நன்றாகவே ஓடியது. விசிறிகள் அசையவில்லை. பெட்டியில் இருந்த வோல்ட் மீட்டரின் முள் அடியில் படுத்துக் கிடந்தது.

"முந்தாநாள் பூட்டுனப்ப ஓட்டிப் பாத்தியாடா?" என்றார் பொங்கியண்ணன்.

"எஞ்சின் சத்தம் நல்லா இருந்துச்சுங்க மாமா. மீட்டரப் பாக்கல." சுரேந்தர் அருள்செல்வி பக்கம் திரும்பினான். "நாந்தான் அப்பவே சொன்னனே. மோட்டார் கட்டறவங்ககிட்டக் குடுத்தா தண்ணி வருமுங்க. கரண்டு வருமா?"

"நீ வாய மூடு. கதவையெல்லாம் தொறந்து வுடு."

வாடகை ஜெனரேட்டருக்குப் போன் போட்டார்கள். சுற்றுவட்டாரம் முழுக்க மின்தடை. இருந்ததெல்லாம் வேறு பண்ணைகளுக்குப் போய்விட்டது. திருப்பூரில் ஒன்று இருக்கிறதாம். மத்தியானத்துக்கு மேல்தான் வருமாம். அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிடும். கொட்டகைக்குள் கோழிகள் இப்போதே இறக்கையை விரித்து வாயைப் பிளந்து இளைக்கத் தொடங்கியிருந்தன. ராசாத்தாளும் வேலையாட்களும் குடத்தோடு ஓடினார்கள்.

எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, அருள்செல்வி பின்மூடியைக் கழற்றினாள். காயிலில் அறுப்பு இல்லை. கம்பி எங்கேயும் இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகவில்லை. நான்கு காயிலும் சரியான திசையில்தான் இருந்தன. ஷைலா மறுபடி ஒரு முறை எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்தாள்.

"நம்ம வேலை சுத்தம்டி. அப்பறம் என்னத்துக்கு வரமாட்டீங்குது?"

"பிரிச்சு வேற பக்கம் குடுத்தரலாமுங்க மாமா" என்றான் சுரேந்தர்.

"சித்த இருங்க" என்றாள் அருள்செல்வி. எஞ்சினை மறுபடி ஓட்டச் சொல்லி, வெளியே வரும் கம்பிகளில் மீட்டரை வைத்தாள். குறைவாக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று பார்க்கத்தான். ஒன்றுமே இல்லை. சுழலும் இயந்திரத்தில் அரை வோல்ட்கூட இல்லை. பழுதாகிப்போனது அப்படி இருக்காது. எதுவுமே தொடங்காததுதான் அப்படி இருக்கும்.

"மோட்டாருன்னா நாம லைனக் குடுக்கறோம், காந்தம் வருது" என்று ஷைலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இதுக்கு ஆரு குடுக்கறது?"

அருள்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். கண்முன் வந்தது அந்த மீசை. துணிக்குப் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த, அவள் முகம் சுளித்துத் துடைத்த மீசை.

எஞ்சினை நிறுத்தினாள். சேலை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, திண்டின் முனையில் வைத்துக் கையை எடுத்தாள். ஊக்கு நிற்கவில்லை. நழுவி உள்ளங்கையில் விழுந்தது. அடுத்த திண்டில் வைத்தாள். விழுந்தது.

"பொங்கியண்ணா" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. "தப்பு என்றதுதானுங்க. வைண்டிங் சரியாத்தான் இருக்குது. ஆனா இதுல இருக்க வேண்டிய காந்தத்த நான் தொடைச்சுப்போட்டேன்."

"காந்தத்தத் தொடைச்சீங்களா? அதென்ன தூசியாட்ட?"

வாசலில் குடத்தோடு நின்ற ராசாத்தாளைப் பார்த்ததும் அருள்செல்விக்கு வார்த்தை கிடைத்தது. "ஏனுங்கக்கா, பால எதை ஊத்தித் தயிராக்குவீங்க?"

"உறை மோருதான். ஒரு துளி."

"அந்தத் துளியும் இல்லாம சட்டியப் பளபளன்னு கழுவி வெச்சா?"

"பாலு பாலாவே கெடக்கும். அப்பறம் கெட்டுப்போவும்."

"அதேதானுங்கக்கா. பழைய இரும்புல கொஞ்சூண்டு காந்தம் தங்கியிருக்கும். சுத்துறப்ப அந்தக் கொஞ்சூண்டு காந்தம் கொஞ்சூண்டு கரண்டக் குடுக்கும். அந்தக் கரண்டு காயிலுக்குள்ள போனாக் காந்தம் இன்னங் கொஞ்சம் கூடும். கூடுன காந்தம் இன்னும் கரண்டு குடுக்கும். இப்பிடி ஒண்ணுக்கொண்ணு தூக்கி வுட்டுட்டுத்தான் முழு வோல்ட்டும் வருது. நான் மோட்டாருன்னு நெனச்சு உறையையே கழுவிட்டேன்."

ராசாத்தாள் குடத்தை இறக்கி வைத்தார். "அதுக்கென்ன கண்ணு. உறை இல்லீன்னா பக்கத்து ஊட்ல ஒரு கரண்டி வாங்கறதுதான."

"வாங்கிரலாமுங்கக்கா. உங்க டிராக்டர் எங்க நிக்குது?"

டிராக்டரின் பேட்டரி வந்தது. வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் பெட்டியிலிருந்து குட்டி ஜெனரேட்டருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் அருள்செல்வி கழற்றினாள். எது கூட்டல், எது கழித்தல் என்று தேடினாள். இரண்டும் ஒரே கறுப்பு.

"எலி கடிச்சிருச்சுங்க. நாந்தான் மாத்துனேன்" என்றான் சுரேந்தர், குரல் இறங்கி.

"ரெண்டுக்கும் ஒரே கலரா? உங்களுக்குப் பொண்ணு பாக்கறப்பவாச்சும் அடையாளம் வெச்சுக்கங்க தம்பி" என்றாள் ஷைலா. அந்தப் புழுக்கத்திலும் பொங்கியண்ணன் சிரித்துவிட்டார்.

அடையாளம் இல்லாததால் பேட்டரியை எந்தத் திசையில் பிடிப்பது என்பதைக் குத்துமதிப்பாகத்தான் முடிவுசெய்ய முடியும். காயிலின் இரு முனைகளிலும் பேட்டரியைத் தொட்டு, எடுத்து, மறுபடி தொட்டாள். சின்னப் பொறி. ஊக்கை வைத்தாள். திண்டோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஒயர்களைப் பழையபடி ரெகுலேட்டரில் பூட்டி, மூடியைச் சாத்தினாள். எஞ்சின் கிளம்பியது.

வோல்ட் மீட்டரின் முள் துடித்தது. ஒரு விரல்கடை எழுந்தது. பிறகு சோர்ந்து அடியில் படுத்தது.

"போச்சு!" சுரேந்தர் தலையில் கை வைத்துக்கொண்டான். கொட்டகைக்குள் இருந்து வேலையாள் ஒருவர், ஓரத்தில் சில கோழிகள் சாய்ந்துவிட்டதாகக் குரல் கொடுத்தார். பொங்கியண்ணன் அருள்செல்வியின் முகத்தையே பார்த்தார்.

அந்த முகம் மலர்ந்திருந்தது.

"ஷைலா, பாத்தியா? எந்திரிச்சுப்போட்டுப் படுத்துச்சு!"

"பாத்தேன். அதுல சிரிக்க என்ன இருக்குது?"

"சும்மா கெடந்தது எந்திரிச்சுதில்ல. நான் ஊட்டுன காந்தம் ஒரு பக்கம் பாக்குது, ரெகுலேட்டர் குடுக்கற கரண்டு மறுபக்கம் தள்ளுது. ஒண்ண ஒண்ணு தின்னுருச்சு. திசைதான் தப்பு. வேறொண்ணுமில்ல!"

எஞ்சின் நின்றது. ஒயர்களை மறுபடி கழற்றி, இந்த முறை பேட்டரியின் முனைகளை மாற்றிப் பிடித்தாள். தொட்டாள், எடுத்தாள், சற்று நிறுத்தித் தொட்டாள். ஊக்கு ஒட்டியது. ஒயர்களை ரெகுலேட்டரில் பூட்டி, மூடியைச் சாத்தினாள்.

"ஓட்டுங்க தம்பி."

எஞ்சின் உறுமி நிதானத்துக்கு வந்தது. முள் துடித்தது. எழுந்தது. ஒரு கணம் யோசிப்பது போல நின்றது. பிறகு யாரோ கீழிருந்து தூக்கிவிட்டதுபோல விறுவிறுவென்று ஏறி, நானூற்றுச் சொச்சத்தைத் தொட்டு, ஆணி அடித்தாற்போல் நின்றது.

"வந்துருச்சுங்கோ!" என்று கத்தியது சுரேந்தர்தான்.

விசிறிகளை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும் என்று அருள்செல்வி அவனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதல் விசிறி. முள் சற்றுக் குனிந்து நிமிர்ந்தது. இரண்டாவது. கடைசி விசிறியும் சுழன்றபோது, கொட்டகையின் மறு கோடியில் தண்ணீர்த் தட்டிகள் வழியாகக் காற்று சீறிக்கொண்டு நுழைந்தது. கதவுகளைச் சாத்தினார்கள். வாய் பிளந்து நின்ற வெள்ளைக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கையை மடக்கியது. சிறிது நேரத்தில் ஒரு கோழி தீனித் தட்டைக் கொத்தியது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு கொட்டகை முழுக்க மழை பெய்வது மாதிரி ஒரே கொத்தல் சத்தம்.

பொங்கியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அம்மணி, தப்பு என்றதுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பாதி உசுரு வந்துருச்சு. தப்பு எங்கன்னு தெரிஞ்சவங்க கையில இருந்தா, மிசினு ஓடித்தான ஆவோணும்?"

"ஏனுங்க மாமா" என்று சுரேந்தர் தலையைச் சொறிந்தான். "அக்காகிட்ட ஒண்ணு கேளுங்க. நம்ம சின்னப் பண்ணை ஜெனரேட்டரும் அப்பப்ப மக்கர் பண்ணுது."

"நீங்களே கேளுங்க தம்பி" என்றாள் ஷைலா. "தண்ணிதான் வருமா, கரண்டும் வருமான்னு."

அன்று சாயங்காலம் வரை ஜெனரேட்டர் நிற்கவில்லை. வால்பாறை மலைப்பாதையில் பஸ் ஓட்டும் அருள்செல்வியின் கணவன் ஜெப்ரி, வண்டி நின்ற இடத்திலிருந்து அவளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான். "சாப்பிட்டேங்க. நானும் சாப்பிட்டேன், கோழியும் சாப்பிட்டுச்சு" என்று சொல்லிவிட்டு அருள்செல்வி சிரித்த சிரிப்பு அவனுக்கு விளங்கியிருக்க நியாயமில்லை.

லைன் கரண்டு திரும்பி, எஞ்சின் ஓய்ந்த பிறகு, அவள் கடைசியாக ஒரு முறை பின்மூடியைக் கழற்றினாள். ஊக்கை வைத்தாள். ஒட்டிக்கொண்டது. அதைப் பிரித்து எடுக்க லேசாக இழுக்க வேண்டியிருந்தது. திரும்பச் சேலையில் குத்திக்கொண்டாள்.

திண்டின் முனையில் எங்கிருந்தோ வந்த இரும்புத்தூள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், மெல்லிய மீசையாக ஒட்டியிருந்தது. பழக்க தோஷத்தில் ஷைலா துணியை எடுத்து நீட்டினாள்.

"வேண்டா. இது இருக்கட்டும்" என்றாள் அருள்செல்வி.

மூடியைப் பூட்டி, ஒவ்வொரு திருகையும் நிதானமாக முடுக்கினாள்.