கொழும்புக்கு அனுப்பாத தலைவி

தலைமைப் பண்பு என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதை எங்களுக்கு ஊட்டுவதற்கென்றே ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலிருந்து ஒரு கனவான் எங்கள் மலைநாட்டு ஹட்டனுக்கு வந்து முகாம் நடத்தினார். வெள்ளைக் காற்சட்டை, கழுத்தில் கம்பளி மஃப்ளர், எங்கள் குளிரைப் பற்றி ஓயாத புலம்பல். தோட்டத்துப் பிள்ளைகளைப் பொறுப்புள்ள குடிமக்களாக்கப் போகிறாராம்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. டிக்கோயா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சின்னம்மா வீட்டில் தங்கி ஹட்டனில் எட்டாம் வகுப்பு படித்தேன். சின்னம்மாவின் ஒற்றை அறையில் இன்னொருத்தி காலை நீட்ட இடமில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடமோ ஐந்தாம் வகுப்போடு சரி. தங்கை அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் அவளுக்குக் கொழுந்துக் கூடைதான்.

முகாமின் முடிவில் மாணவர் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்போம், அவர் கொழும்புக்குப் போய் மந்திரி முன்னால் பேசலாம் என்று கனவான் அறிவித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. மந்திரியிடம் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆறாம் வகுப்பு கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம்.

தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவரை எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் எல்லோரும் கூடிக் கத்தி, சண்டை போட்டு, கடைசியில் தோட்டத் துரையிடம் கைகட்டாமல் பேசக்கூடிய ஒருவரைச் சொல்லி முடிப்பார்கள். அதன் பிறகு எதிர்த்துக் கத்தியவனும் அவருக்குத்தான் கை தூக்குவான். தேநீர் இடைவேளையில் நாங்களும் அதையே செய்தோம். "நீதான் புள்ள வாயாடி, நீயே போ" என்றார்கள். அவர்களுடைய தோட்டங்களிலும் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி; ஆறாம் வகுப்பு அவர்களுடைய தம்பி தங்கைகளுக்கும் தேவைப்பட்டது. ஓட்டுச் சீட்டுகளைப் பிரித்தபோது ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் என் பெயர். எதிர்த்து நின்ற தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மகனுக்கு அவனுடைய ஓட்டு மட்டும்.

கனவானின் முகம் கறுத்தது. "இது தேர்தல் அல்ல, சதி. யார் உங்களை மிரட்டியது?"

"யாரும் மெரட்டலைங்க. நாங்களே பேசி முடிச்சுக்கிட்டோம்" என்றேன்.

பேசி முடிப்பது ஜனநாயகம் இல்லையாம். எங்களைப் பேசவிடாமல் காவல் நின்று இன்னொரு தடவை ஓட்டுப் போட வைத்தார். மறுபடியும் நான்தான்.

அப்போதுதான் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "உன் தகப்பனாருக்குப் பிரஜாவுரிமை உண்டா?"

"இல்லீங்க. மனுப் போட்டாரு, தள்ளிட்டாங்க."

இந்தியாவிலிருந்து வந்த வம்சமாம்; அப்பா பிறந்ததோ எங்கள் தோட்டத்து லயத்தில். கனவானுக்கு அது பொருட்டில்லை. "அப்படியானால் உன்னை எப்படி மந்திரி முன் நிறுத்துவது? எல்லோருக்கும் சங்கடம்."

"அப்ப எதுக்குங்க எங்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லிக் குடுத்தீங்க?"

"பயிற்சிக்காக" என்றார் அந்த மனிதர், கொஞ்சமும் கூசாமல்.

பிரஜாவுரிமை இருந்த கிளாக்கரின் மகன் கொழும்புக்குப் போனான். ரயில் ஏறுவதற்கு முன் அவனைப் பிடித்து, "ஆறாம் வகுப்பக் கேளு, மறந்துறாத" என்று கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான். அவனும் தலையாட்டினான். திரும்பி வந்ததும், கனவான் எழுதிக் கொடுத்ததைத்தான் வாசிக்கவிட்டார்கள் என்றான். நாட்டுக்கு இளைஞர்கள் செய்ய வேண்டிய கடமை பற்றியதாம். மந்திரி கைதட்டினாராம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து தை பிறந்ததும் தங்கை பெரட்டுக்குப் போனாள். இருட்டு விலகாத நேரத்தில், பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் அந்த வரிசையில், பெண்களுக்கு நடுவே அவள் தலை மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. தலையில் மாட்டும் கூடைக் கயிறு அவளுக்கு நீளமாக இருந்து, கூடை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மா கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுச் சுருக்கிவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றாள்.