பயணத்தின் காரணம்: ஊர் பார்த்தல்

சனிக்கிழமை காலை 10.25. லைப்சிக் ரயில் நிலைய வாசலில் ஒரு பச்சைச் சீருடைக் கை எங்களை நோக்கி நீண்டது. போலீஸ்காரர் பாஸ்போர்ட் கேட்டார். அந்த வாசலில் அப்போது நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். கேட்கப்பட்டது எங்கள் இருவரிடம் மட்டும்.

2000களின் நடுவில் நடந்தது இது. கல்லூரிப் பயிற்சிக்காக ஜெர்மனியின் கிழக்கே ஒரு சிறிய ஊரில், இயந்திர பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஆறு மாதம் இருந்தேன். சனி, ஞாயிறு என்றால் ஊர் சுற்றல். ஒரு கோட்டை, ஒரு தேவாலயம், தெருக்கடையில் ஏதாவது ஒன்று. அந்த ஊரில் தமிழ் பேச எனக்குக் கிடைத்தவர் ஒரே ஒருவர். கடையில் அரிசி அடுக்கின் முன்னால் நான் அம்மாவுடன் போனில் பேசுவதைக் கேட்டு, "சென்னையோ?" என்று விசாரித்த மன்னார் அக்கா. நாற்பது வயதிருக்கும். அகதி விண்ணப்பத்துக்கு முடிவான பதில் வராமல் நான்கு வருடமாக அரசு விடுதியில் இருந்தார்.

வார இறுதி டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் போகலாம். "நான் தனியாத்தான் போறேன், சும்மா வாங்கக்கா" என்று அழைத்தேன். "ஓம், வாறன்" என்றார்.

ரயில் கிளம்பிய பத்தாவது நிமிடம் ஜன்னலுக்கு வெளியே ஒரு மஞ்சள் பலகை கடந்து போனது.

"தங்கச்சி, இதைத் தாண்டினா நான் கள்ளி" என்று சிரித்தார்.

அகதி விண்ணப்பதாரர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. அன்றைய சட்டம் அது. நான் அப்போதுதான் அறிந்தேன்.

"அனுமதி கேட்டு மூண்டு தரம் அன்ட்ராக் எழுதிப் போட்டனான். வக்கீலிட்டப் போறதெண்டா விடுவினம், டொக்டரிட்டப் போறதெண்டா விடுவினம். ஊர் பாக்கவெண்டு எழுதிக் குடுத்தா சிரிக்கினம்."

"அடுத்த ஸ்டேஷன்ல இறங்கித் திரும்பிடலாம்க்கா."

"ஏன்? எனக்குப் பசிக்குது."

அதனால்தான் இறங்கியதும் நேராக நிலைய வாசலில் இருந்த தெருக்கடைக்குப் போனோம். ரொட்டியின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த சுட்ட சொசேஜ் ஆளுக்கு ஒன்று. அக்கா கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வறுத்த மிளகாய்த்தூளை சொசேஜில் தடவியிருந்த கடுகு விழுதின் மேல் தூவினார். அந்த நேரத்தில்தான் போலீஸ்காரர் வந்தார்.

என் பாஸ்போர்ட் பத்து நொடியில் திரும்பி வந்தது. அக்காவின் மடித்த அகதி அட்டையை அவர் இரண்டு முறை படித்தார். முதல் தடவை என்றால் அபராதம், மறுபடி பிடிபட்டால் குற்றவழக்கு, அது விண்ணப்பத்தையும் பாதிக்கலாம் என்று எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்தி, அக்காவிடம் ஜெர்மனில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: அவசரமாக டாக்டரைப் பார்க்க வந்தீர்களா? எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனுக்கே அவர் வழிவிடுகிறார் என்று புரிந்தது.

"டாக்டர்னு சொல்லிடுங்கக்கா, ப்ளீஸ்" என்றேன் தமிழில்.

"நாலு வருசமா நான் சொல்லுறதெல்லாம் பொய்யெண்டுதான் எழுதுறாங்கள், தங்கச்சி. ஷெல் விழுந்ததும் பொய், வீடு எரிஞ்சதும் பொய். இப்ப ஒரு சொசேஜுக்காகப் பொய் சொல்லி, அவங்கட எழுத்தை நான் மெய்யாக்கவோ? ஏலாது."

பிறகு போலீஸ்காரரிடம் திரும்பி, ஊர் பார்க்க வந்தேன், சாப்பிட வந்தேன் என்று ஜெர்மனில் சொன்னார். அவர் அபராதப் படிவத்தை எடுத்து, பேனாவைப் பிடித்தபடி நின்றார். அக்கா படிவத்தில் காரணம் எழுதும் கோட்டை விரலால் தட்டிக் காட்டினார். போலீஸ்காரர் பேச்சை மாற்றுவது போல, அது என்ன பொடி என்று கேட்டார். அக்கா பொட்டலத்தை நீட்டினார். முகர்ந்து பார்த்து இரண்டு முறை தும்மிவிட்டு, அவர் எழுதத் தொடங்கினார்.

அடுத்த ரயிலில் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி, நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா ரொட்டியைக் கடைசித் துண்டு வரை தின்று முடித்தார்.

"உம்மட சுற்றுலாப் புத்தகத்தில இருந்த அந்தக் கறுத்த பெரிய கோபுரம் எங்க?"

"அக்கா, அடுத்த ரயில்..."

"பிடிச்சாச்சு, எழுதியாச்சு. எழுதினதைப் பாக்க வேண்டாமோ?"

போர் நினைவுச் சின்னமான அந்தக் கல் கோபுரத்தின் உச்சி வரை ஏறினோம். அக்கா நான்கு பக்கமும் நிதானமாகப் பார்த்தார். எங்கட மாவட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டார். கை நீட்டிக் காட்டினேன்.

"கோடு ஒண்டையும் காணேல்ல" என்றார்.

உதவி என்று நினைத்து அன்று நான் சொல்லச் சொன்ன பொய்யை இன்னும் மறக்கவில்லை. விமான நிலையப் படிவங்களில் பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்துக்கு வரும்போதெல்லாம் என் பேனா சற்று நின்றுதான் நகர்கிறது.

அந்த நகலில் போலீஸ்காரர் எழுதியது இரண்டு வரி. பயணத்தின் காரணம்: ஊர் பார்த்தல். திரும்ப வேண்டிய ரயில்: 11.52.

நாங்கள் ஏறியது மாலை 5.52 ரயிலில்.