இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

சாமிமுன் பூ கேட்ட இடத்தில் நான் மோசடி செய்தேன். ஏமாந்தது மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு பதி, இருளர் குடியிருப்பு.

அந்தச் சரிவில் கல்குவாரி போட என் மைத்துனன் ஆசைப்பட்டான். கீழ்ச்சரிவில் பதிக்காரர்களின் ராகிக் காடு. மேல்சரிவில், இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு கல் நட்டிருந்தார்கள். கீழ்ச்சரிவு மட்டும் போதும் என்றான். பூ கேட்டுத்தான் சொல்வோம் என்றார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்தில், சிவப்பு இன்னொன்றில். கைக்கு வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம்.

"உள்ளூர் ஆளு கட்டுனா சண்டை வருமுங்க. சாரு காலேஜுல கணக்கு சொல்லிக் குடுத்தவரு, நீங்களே கட்டிக் குடுங்க" என்றார் பதியின் தலைவரான மூப்பன்.

கட்டினேன். இரண்டிலும் வெள்ளை. சிவப்பு என் வேட்டி மடிப்பில். நிகழ்தகவு நடத்திய எனக்கு விடை முன்பே தெரிந்த ஒரே கணக்கு அதுதான். குவாரியிலிருந்து என் புது வீட்டுக்கு ஜல்லி இலவசமாக வந்து இறங்கியது.

ராகிக் காடு குழியானது. பதியில் பாதிப் பேர் சூலூர்ப் பக்கம் தறிக்குப் போனார்கள். போன வருடம் மைத்துனனுக்கு மேல்சரிவும் வேண்டியிருந்தது. "இன்னொருக்கா பூ கேட்டுப்போடலாமுங்களா மாமா?" என்று கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்பு தாங்காமல் பதிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூப்பன் இறந்திருந்தார். அவர் மனைவி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியுமுங்க. அன்னைக்கு நீங்க கெளம்புனதும் மத்ததையும் பிரிச்சுப் பாத்தமுங்க."

"அப்புறம் ஏன் கேக்கலீங்க?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"அத்தனை படிச்சவர எதுக்குங்க பொய் சொல்ல வெக்கோணும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மேல்சரிவுக் குவாரிக்காக அரசு நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து அதையே சொன்னேன். பூவெல்லாம் சாட்சியாகாது என்றார் அதிகாரி. "அந்தப் பூவைக் காட்டித்தானுங்க முன்னால சம்மதம்னு எழுதிக்கிட்டீங்க" என்றேன். மேல்சரிவு மனு இப்போதைக்கு நிற்கிறது, கற்களும் நிற்கின்றன. கீழே உள்ள குழி மட்டும் குழியாகவே இருக்கிறது. மைத்துனன் வீட்டுக்கு வருவதில்லை. மனைவி என்னோடு பேசுவது காய்கறி விஷயமாக மட்டும்.

சென்ற மாதம் பதியில் ஒரு கல்யாணத்துக்குப் பூ கேட்டார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மூப்பன் மனைவி எட்டத்தில் ஒரு பாறையைக் காட்டினார்.

"அங்க உக்காருங்க சாரு. கை ரெண்டும் வெளிய தெரியட்டும்."

உட்காரப் போனேன்.

"இருங்க, இருங்க. மொதல்ல வேட்டிய ஒதறுங்க."

பதி முழுவதும் பார்க்க, உதறினேன்.