ஊரை அட்டையில் வைத்துப் பார்த்தவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக் கட்டடத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். கலவை இயந்திரத்தின் இரைச்சலில் கைப்பேசி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. மேஸ்திரிதான் என் சட்டைப் பையைக் காட்டினார். சிறுசேரியில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் பிரபாகர் பேசினார், கஸ்தூரி மேடத்தின் தம்பி. "சார், அக்கா காலைல ஆறு மணிக்குப் போயிட்டாங்க" என்றார்.

தளம் போடுகிற வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்திய இடத்தில் பின்னாளில் ஒழுகும். இரண்டு மணிவரை அங்கேயே நின்று முடித்துவிட்டுத்தான் மதுராந்தகத்துக்குப் பேருந்து ஏறினேன். நடுவில் விட்டுவிட்டு வந்திருந்தால் கஸ்தூரி மேடமே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

திருமதி கஸ்தூரி, செங்கல்பட்டில் எங்கள் கட்டுமானப் பிரிவு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். மேசைப் பலகையில் 'டிராஃப்ட்ஸ்மேன்' என்றுதான் எழுதியிருந்தது. அதை மாற்றச் சொல்லி அவர் கேட்டதில்லை. கணவர் மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருக்கிறார். மேடம் தினமும் ரயிலில் வந்து போவார். பொறியாளர்கள் நாங்கள் கிறுக்கிக் கொடுப்பதைச் சுத்தமாக வரைந்து கொடுப்பது அவர் வேலை. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவரை அறியாதவர்களுக்காக, எனக்கு நினைவில் இருப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1994இல் நான் வேலைக்குச் சேர்ந்தேன். நான் கொடுத்த முதல் திட்டம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். மூன்றாம் நாள் அது என் மேசைக்கே திரும்பி வந்தது. பிரசவ அறைக் கதவருகே பென்சிலால் சின்ன வட்டம் ஒன்று. எரிச்சலோடு எழுந்து போய் என்ன என்று கேட்டேன். "சார், இந்தத் திருப்பத்துல ஸ்டிரெச்சர் திரும்பாது" என்றார். அளவெல்லாம் விதிப்படி சரியாக இருக்கிறது என்றேன். அவர் வாதாடவில்லை. ஸ்டிரெச்சர் அளவுக்குக் காகிதத்தில் ஒரு துண்டு வெட்டி, படத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். துண்டு சுவரில் முட்டி நின்றது. அவர் முகத்தில் சிரிப்புகூட இல்லை. கதவை இரண்டடி தள்ளி வரையட்டுமா என்று மட்டும் கேட்டார். அன்று முதல் எந்தப் படத்தையும் அவரிடம் காட்டாமல் மேலே அனுப்பியதில்லை.

2002இல் பிரபாகர் ஆறு மாத வேலையாக ஜெர்மனி போய்த் திரும்பினார். அக்காவுக்கு அவர் கொண்டுவந்தது ஒரு விளையாட்டுப் பெட்டி. உள்ளே வண்ண வண்ணச் சின்ன மரப் பொம்மைகள், எழுபதுக்கு மேல் தடித்த சதுர அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் நகரத்தின் ஒரு துண்டு: சாலை, மதில், கால்வாய், சந்தை, வீடுகள். கவிழ்த்து வைத்த அடுக்கிலிருந்து முறைக்கு ஓர் அட்டை எடுத்து, ஏற்கெனவே மேசையில் கிடப்பதோடு ஒட்டி வைக்க வேண்டும். சாலைக்கு நேராகச் சாலை, மதிலுக்கு நேராக மதில் வர வேண்டும். மதில் சுற்றி வந்து மூடிக்கொண்டால் அந்தப் பேட்டையில் தன் மரப் பொம்மையை வைத்திருப்பவருக்குப் புள்ளிகள். பிரபாகருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி விதிகள் எல்லாம் ஜெர்மன் மொழியில் இருந்தன.

மேடம் பத்து நாள் ஆடவே இல்லை. வீட்டுக் கூடத்தில் அட்டைகளைப் பரப்பி, ஓரங்களை வகை பிரித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஒரு நிறத்துக்கு ஆறு பொம்மைகள்தான் என்றால் ஏன் ஆறு, ஏழாவது இருந்தால் ஆட்டம் எப்படிக் கெடும் என்று பின்னாலிருந்து யோசித்தார். கடைசியில் இரண்டு பக்க விதிகளைத் தாமே எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். பல மாதங்கள் கழித்துப் பிரபாகர் இணையத்திலிருந்து ஆங்கில விதிகளை அச்செடுத்து வந்தபோது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். ஒன்றே ஒன்று தவிர அத்தனையும் பொருந்தியிருந்தன. மேடம் அந்த ஒன்றையும் படித்துவிட்டு, நாம் ஆடுகிற முறையே நன்றாக இருக்கிறது என்று தாளை மடித்து வைத்துவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில், அவருடைய வரைபலகையைக் கிடைமட்டமாகச் சாய்த்து, அதன் மேல்தான் ஆடுவோம். அலுவலகத்தில் படங்களை நகலெடுக்கும் அமோனியா பிரிண்ட் நெடி எப்போதும் இருக்கும். தயிர்சாதத்தையும் அந்த நெடியோடுதான் சாப்பிட்டுப் பழகியிருந்தோம். ஆறு மாதம் நான் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. கிடைத்த அட்டையை வைத்துச் சீக்கிரம் மதிலை மூடிவிடுவதிலேயே குறியாக இருப்பேன். அவர் வேறு எங்கோ, யாருக்கும் தேவையில்லாத மூலையில் ஒரு சாலைத் துண்டை வைப்பார். பத்து முறை கழித்து அந்தச் சாலை என் பேட்டைக்குள் வந்து நுழையும்.

ஒரு நாள் நான் பாதி கட்டிய பேட்டையில் அவர் வந்து ஓர் அட்டையைச் செருகினார். என் இடத்தைக் கெடுக்கிறீர்களே என்று கோபப்பட்டேன். ஆட்டம் முடிந்து எண்ணியபோது அந்த ஓர் அட்டையால் எனக்கும் பன்னிரண்டு புள்ளி வந்திருந்தது. அப்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "சார், நீங்க ஊர் கட்டல. மதில் கட்டறீங்க. உள்ள யார் இருக்காங்கன்னு பார்க்கவே இல்ல."

எந்த அட்டை வெளியே வந்துவிட்டது, எது இன்னும் அடுக்கில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். நான் ஓர் இடத்தைக் காலியாக விட்டுக் காத்திருந்தால், அதற்குரிய அட்டை மொத்தமே இரண்டு, இரண்டும் போய்விட்டன என்று அமைதியாகச் சொல்வார். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

2004 டிசம்பர் கடைசி ஞாயிறன்று கடல் உள்ளே வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம் முழுதாகப் போயிற்று. பிழைத்தவர்கள் தார்ஷீட் கொட்டகைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு நிரந்தர வீடு கட்டும் திட்டம் எங்கள் பிரிவுக்கு வந்தது. அதைத் தயாரித்தவன் நான். கடலிலிருந்து தள்ளி, நேர்வரிசைகளாக வீடுகள். எல்லாக் கதவும் ஒரே பக்கம். சுற்றிலும் பாதுகாப்புச் சுவர். சாலைப் பக்கம் ஒரு கேட். மேடம் அதை வரைந்து முடித்தபோது, ஊர்க்காரர்களிடம் கேட்டீர்களா என்று விசாரித்தார். நேரமில்லை என்றேன்.

ஊர்க்காரர்கள் ஏற்கவில்லை. இரண்டு கூட்டங்கள் கூச்சலில் முடிந்தன. என்ன வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். படத்தை விரித்தால் ஒருவருக்கும் அது புரியவில்லை. இன்னொரு கூட்டமும் இப்படி முடிந்தால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும் என்று செயற்பொறியாளர் எச்சரித்தார். அது போயிருந்தால் அந்த மக்கள் இன்னொரு மழைக்காலமும் தார்ஷீட்டுக்குள்தான் இருந்திருப்பார்கள்.

அந்த வாரம் மேடம் தடித்த மில் போர்டு அட்டை வாங்கிவந்து சதுரம் சதுரமாக வெட்டினார். எங்கள் ஆட்டத்தைப் போலவே, ஆனால் மதிலும் சந்தையும் இல்லை. ஒரு வீடு ஓர் அட்டை, கதவு இருக்கும் பக்கம் சிவப்புக் கோடு. சந்து, தண்ணீர்க் குழாய், வலை காயப்போடும் திடல், கோயில், கருவாட்டு மேடை எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டைகள். எல்லாம் ஒரே அளவுத் திட்டத்தில். செயற்பொறியாளர் தயக்கத்தோடு அரைநாள் அனுமதி கொடுத்தார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போனோம். கொட்டகைக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து மேடம் அட்டைகளைப் பரப்பினார். பெண்கள் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்றவர் அஞ்சலை. மீன் கூடை தூக்குகிறவர்; வீட்டையும் மாமியாரையும் கடலுக்குக் கொடுத்தவர். அட்டைகளைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. "இன்னாம்மா இது, எங்கள வச்சிகினு வெளையாட்டா?" என்றார். கூட்டம் இப்போதே முடிந்தது என்று நினைத்தேன்.

மேடம் மணலில் உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம்மா, வெளையாட்டுதான். ஆனா ஆடப் போறது நீங்க. தப்பா வச்சா எடுத்து வேற எடத்துல வைக்கலாம். கட்டிட்டா எடுக்க முடியாது."

அஞ்சலை புடவையைச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. சந்துக்கு நேராகச் சந்து வர வேண்டும் என்ற ஒரு விதியை மேடம் சொன்னார். ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஆடத் தொடங்கிவிட்டார்கள். நான் ஆறு மாதம் திணறிய ஆட்டம் அது. நானாக இருந்தால் முதலில் வீட்டை வைத்திருப்பேன். அவர்கள் முதலில் திடலை வைத்தார்கள். பிறகு குழாய். அதற்குப் பிறகுதான் வீடுகள், திடலைச் சுற்றி எட்டு எட்டாக. யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று பேசும்போது ஓரிடத்தில் திடீரென்று எல்லோரும் மௌனமானார்கள். அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லை. மேடம் அவசரப்படுத்தவில்லை. அந்த அட்டையை அவர்களே எடுத்து ஓரமாக வைக்கும்வரை காத்திருந்தார்.

கதவு விஷயத்தில் சண்டை வந்தது. வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அலையையும் காற்றையும் எப்படிப் பார்ப்பது என்றார்கள் ஆண்கள். அஞ்சலை ஒரே வரியில் மறுத்தார். "எனக்கு அத்தப் பாத்துகினு எழுந்துக்க முடியாது." மேடம் யார் பக்கமும் பேசவில்லை. ஒரு வீட்டு அட்டையை எடுத்து, சிவப்புக் கோடு நான்கு திசைக்கும் வரும்படி திருப்பித் திருப்பிக் காட்டினார். அவரவர் அட்டையை அவரவர் திருப்பி வைத்துக்கொண்டார்கள். வரிசை வீடுகளில் இது நடக்கவே முடியாது. எட்டு வீடு ஒரு முற்றமாக இருந்ததால் நடந்தது.

என் சுவருக்கு அட்டை இல்லையா என்று நான் கேட்டேன். அஞ்சலை என்னைப் பார்த்தார். "சொவரு எதுக்கு சார்? அது வந்தா நாங்க எப்படி ஓடறது?" என்றார். எல்லாச் சந்தும் கடலிலிருந்து சாலைவரை முட்டாமல் போகும்படி அவர்கள் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. மேடம் கவனித்திருந்தார், டிரேசிங் தாளை அதன் மேல் விரித்து வரைந்துகொண்டிருந்தார்.

செயற்பொறியாளர் புதிய படத்தைப் பார்த்துக் கழிவுநீர்க் கால்வாய் நீளம் கூடுகிறது என்றார். சுவர் இல்லாததால் மிச்சமாகும் தொகையில் அது அடங்கும் என்று மேடம் கணக்குத் தாளை நீட்டினார். எல்லாம் கிடைக்கவில்லை. கோயில் திடல் பாதியாகக் குறைந்தது. கருவாட்டு மேடை வெட்டப்பட்டது. அதற்காக அஞ்சலை என்னைப் பார்த்த பார்வை இன்னும் உறுத்துகிறது. ஆனால் முற்றங்களும் சந்துகளும் அவர்கள் வைத்தபடியே அடுத்த இரண்டு வருடத்தில் எழுந்தன. திறப்பு விழாவில் மேடையில் நான் இருந்தேன், மேடம் கடைசி வரிசையில் இருந்தார். அதைப் பற்றி எனக்கிருந்த வெட்கத்தை அவரிடம் சொன்னபோது, படத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயர் இருக்கிறதே, போதாதா என்றார்.

பிறகு மேடத்துக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியதாயிற்று. ஞாயிறு காலைகளில் மதுராந்தகம் போய் அவரோடு ஆடுவேன். சென்ற மாதம் அவரால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் அட்டைகளை வைத்தேன். படுத்திருந்தவருக்கு அது தெரியாது. எடுத்த அட்டையில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டே எங்கே வைப்பது என்று சொன்னார். நாற்பதாவது அட்டை தாண்டியதும், மூன்றாம் வரிசையில் கால்வாய்க்குப் பக்கத்தில் ஓர் இடம் இருக்கும் பாருங்கள் என்றார். நான் குனிந்து பார்த்தேன். இருந்தது. முழு நகரமும் அவருக்குள் விரிந்து கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் முறை சார் என்று ஞாபகப்படுத்தினார்.

செவ்வாய் மாலை நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரு வேன் நின்றது. குப்பத்திலிருந்து அஞ்சலையும் பதினைந்து பெண்களும் வந்திருந்தார்கள். இவர்கள் யார் என்று உறவினர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். மேடத்தின் கணவர் அழுதுகொண்டே அஞ்சலையிடம் போய், நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார்.

"அவங்க வரைஞ்ச ஊருங்க" என்றார் அஞ்சலை.

இறுதி ஊர்வலத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது அங்கே வழக்கம். இவர்கள் நிற்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. ஏரிக்கரைவரை ஊர்வலத்தின் பின்னாலேயே வந்தார்கள். அங்கிருந்து வண்டி சுடுகாட்டுப் பாதையில் இறங்கியபோது நான் திரும்பிப் பார்த்தேன். கரைமேல் பதினாறு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றிருந்தார்கள். ஏரிக் காற்றில் புடவைகள் படபடத்தன. வண்டி கண்ணுக்கு மறையும்வரை ஒருவரும் அசையவில்லை.

அவர்களோடு நானும் தலை வணங்குகிறேன், கஸ்தூரி மேடம். நிம்மதியாக உறங்குங்கள்.